இரு தரப்பும் அழைக்கும் சாட்சி

வாதியும் பிரதிவாதியும் ஒரே ஆளைத் தங்கள் சாட்சி என்று சொல்லிக்கொள்வது கோர்ட்டில் அபூர்வமாகத்தான் நடக்கும். நடந்தால், அவர் சொன்னதில் தனக்கு வேண்டிய வரியை மட்டும் ஒவ்வொருவரும் வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தை, பிறந்த ஒரே காரணத்தால் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிடுமா என்ற வழக்கில் அதுதான் நடக்கிறது. சாட்சியின் பெயர் லைமன் டிரம்புல். இல்லினாய் மாநிலத்தில் வக்கீலாக இருந்தவர்; அங்கேயே சட்டமன்ற உறுப்பினர், பிறகு மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி, அதன்பின் 18 வருடம் அமெரிக்க செனட்டர். 1896-லேயே காலமாகிவிட்டார். குறுக்கு விசாரணைக்கு வர வழியில்லை.

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாய் அனுமதியின்றித் தங்கியிருந்தாலோ தற்காலிக விசாவில் இருந்தாலோ, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லாவிட்டால், அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது ஆணை. மாணவர் விசா தற்காலிகம். ஹெச்-1பி விசாவும் தற்காலிகம்தான். என் தங்கை மகளும் அவள் கணவரும் டெக்சாஸில் அந்த விசாவில்தான் இருக்கிறார்கள். ஆணை வந்தபோது அவள் கர்ப்பமாக இருந்தாள். “பெரியம்மா, நீங்க வக்கீல்தானே, இதுக்கு என்னதான் அர்த்தம்?” என்று போனில் கேட்டாள். நான் தஞ்சாவூரில் சொத்து வழக்கு நடத்துகிறவள். பாகப் பிரிவினையும் கிரயப் பத்திரமும்தான் எனக்குச் சோறு போட்டன. அமெரிக்க அரசியல் சட்டம் போட்டதில்லை. ஆனாலும் கேட்டவள் வீட்டுப் பெண். படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஃபெடரல் நீதிபதிகள் ஆணையை நிறுத்திவைத்தார்கள். குழந்தை பிறந்தது, பாஸ்போர்ட்டும் வந்தது. அவளுக்குக் கவலை விட்டது. எனக்கு டிரம்புல் பிடித்துக்கொண்டார்.

இரு தரப்பும் மேற்கோள் காட்டுவது அவருடைய இரண்டு வரிகளைத்தான். முதலாவது 1866 ஜனவரி 30 அன்று செனட்டில் சொன்னது. அவர் கொண்டுவந்த சிவில் உரிமை மசோதா அப்போது விவாதத்தில் இருந்தது. எந்த அந்நிய அரசுக்கும் உட்படாமல் அமெரிக்காவில் பிறந்த எல்லோரும் குடிமக்கள் என்று மசோதா அறிவித்தது. பென்சில்வேனியா செனட்டர் எட்கர் கோவன் எழுந்து, அப்படியானால் சீனர்களின் பிள்ளைகளும் ஜிப்சிகளின் பிள்ளைகளும் குடிமக்கள் ஆகிவிடுவார்களோ என்று கேட்டார். கேள்வியிலேயே ஏளனம் இருந்தது. சந்தேகமே வேண்டாம் என்றார் டிரம்புல். இங்கே ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை குடிமகன் இல்லையா என்று திருப்பியும் கேட்டார். ஜெர்மானியர் வேறு, சீனர் வேறு என்றார் கோவன். சட்டத்தில் அப்படி ஒரு வேறுபாடு கிடையாது, ஆசியர் பிள்ளையும் ஐரோப்பியர் பிள்ளையும் அதே அளவுக்குக் குடிமக்கள்தான் என்று டிரம்புல் பேச்சை முடித்துவிட்டார்.

இரண்டாவது வரி அதே ஆண்டு மே 30-ஆம் தேதியது. அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் விவாதத்துக்கு வந்திருந்தது. அமெரிக்காவில் பிறந்து, அதன் அதிகார வரம்புக்கு உட்பட்டவர்கள் எல்லோரும் குடிமக்கள் என்பது வாசகம். அதிகார வரம்புக்கு உட்பட்டவர் என்றால் என்ன என்று டிரம்புலே கேள்வி எழுப்பி, வேறு யாருக்கும் விசுவாசக் கடமை இல்லாதவர் என்று அவரே விளக்கமும் தந்தார். ஆணையை ஆதரிக்கிறவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்த விளக்கத்தைத்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெற்றோருக்கு இந்தியாவிடம் விசுவாசக் கடமை இருக்கிறதே, அப்புறம் பிள்ளை எப்படிக் குடிமகன் ஆகும் என்பது அவர்கள் வாதம்.

மேற்கோளை மட்டும் படித்தால் அந்த வாதத்தில் பலம் இருப்பதுபோலத் தோன்றும். அன்றைய விவாதம் முழுவதையும் படித்தால் தோன்றாது. டிரம்புல் அந்த வரியைச் சொன்னபோது பேச்சு வெளிநாட்டுக்காரர்களைப் பற்றியது இல்லை. பழங்குடி இனங்களைப் பற்றியது. வரி கட்டாத செவ்விந்தியர்கள் நீங்கலாக என்று தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும் என்றார் விஸ்கான்சின் செனட்டர் டூலிட்டில். தேவையில்லை, இருக்கிற வாசகமே போதும் என்றார் டிரம்புல். அந்த இனங்களோடு அமெரிக்கா ஒப்பந்தம் போடுகிறது. அவர்களுக்குள் நடக்கும் குற்றங்களை அவர்களே விசாரிக்கிறார்கள். ஒரு நவஹோ இந்தியர் மீது நம் கோர்ட்டில் வழக்குப் போட முடியுமா என்று கேட்டார். அவர் வைத்த உரைகல் அதுதான்: ஒருவரை நம் கோர்ட்டுக்கு இழுக்க முடியுமா, முடியாதா. டெக்சாஸில் என் தங்கை மகள் வருமான வரி கட்டாமல் இருந்து பார்க்கட்டும். கார் ஓட்டும்போது சிவப்பு விளக்கைத் தாண்டிப் பார்க்கட்டும். அவள் அமெரிக்க அதிகார வரம்புக்குள் இருக்கிறாளா இல்லையா என்று மறுநாளே தெரிந்துவிடும்.

நேராகக் கேட்ட கேள்விக்கு நேராகச் சொன்ன பதில் ஒன்று. வேறு விஷயத்தைப் பேசும்போது விழுந்த அரை வாக்கியம் ஒன்று. எந்த மாஜிஸ்திரேட்டும் எதற்கு எடை அதிகம் என்று யோசிக்க மாட்டார். சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1898-ல், 6-க்கு 2 என்ற பெரும்பான்மையில், அவர் பிறப்பாலேயே குடிமகன்தான் என்று தீர்ப்புச் சொன்னது. அன்று கோவனுக்குக் கிடைத்த பதிலும் இதுதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் நமக்குச் சாதகமான சாட்சி என்றால் அவருடைய பழைய கதையை எதிர்த்தரப்புக்கு முன்னால் நாம் படித்து வைத்திருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம். டிரம்புலின் பழைய கதையில் நான் மெச்சும் பகுதியும் உண்டு. பொறுக்க முடியாத பகுதியும் உண்டு.

1813-ல் கனெக்டிகட்டில் கோல்செஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். இளம் வயதில் தெற்கே ஜார்ஜியாவுக்குப் போய்ப் பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கேயே ஒரு வக்கீலிடம் சட்டம் படித்து, 1837-ல் இல்லினாயின் பெல்வில் ஊருக்கு வந்து பலகை மாட்டினார். இல்லினாய் அடிமை முறை இல்லாத மாநிலம் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். நடைமுறை வேறு. அந்தப் பகுதி ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது. அவர்கள் வைத்திருந்த அடிமைகளும் அந்த அடிமைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்படியே அடிமைகளாக நீடித்தார்கள். 1787-ல் இயற்றப்பட்ட வடமேற்குப் பிரதேசச் சட்டம் அங்கே அடிமை முறையைத் தடை செய்திருந்தது. பழைய பிரெஞ்சுக் குடிகளின் சொத்துக்கு அது பொருந்தாது என்று ஒரு விளக்கம் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

காஹோக்கியாவில் அப்படி அடிமையாக இருந்த ஜோசப் ஜாரட்டுக்கு டிரம்புல் வக்கீலானார். வழக்குப் போட்ட விதத்தைப் பாருங்கள். என்னை விடுதலை செய்யுங்கள் என்று பிராதில் கேட்கவில்லை. இத்தனை காலம் வேலை செய்தேன், கூலி பாக்கி இருக்கிறது, வாங்கித் தாருங்கள் என்று எஜமானி மேல் வழக்கு. அடிமைக்குக் கூலி கிடையாது. ஆகவே கூலி உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், இவர் அடிமையா என்ற கேள்வியைக் கோர்ட் முதலில் தீர்த்தாக வேண்டும். கீழ்க்கோர்ட்டில் ஜூரிகள் எஜமானிக்கே சாதகமாகச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் 1845-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது: 1787-க்குப் பிறகு பிறந்த எவரையும், பிரெஞ்சுக்காரர் அடிமையின் வாரிசு என்று சொல்லி, இல்லினாயில் அடிமையாக வைத்திருக்க முடியாது. கூலி பாக்கி கேட்டுப் போன ஒரு சின்ன சிவில் வழக்கில் ஒரு மாநிலத்தின் கள்ளத்தனம் முடிவுக்கு வந்தது. பிராது எழுதிப் பழகியவர்களுக்கு இந்தக் கெட்டிக்காரத்தனத்தின் ருசி தெரியும்.

1848-ல் மாநிலத்துக்குப் புது அரசியல் சட்டம் வந்தது. நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்றது. அவர்களுக்கு ஆண்டுச் சம்பளம் 1,200 டாலர்தான் என்றும் கட்டிப்போட்டது. டிரம்புல் நின்றார், ஜெயித்தார். 1853-ல் ராஜினாமாவும் செய்துவிட்டார். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியவில்லை. அதே 1853-ல்தான் சுதந்திரக் கறுப்பர்கள் இல்லினாயில் குடியேறவே கூடாது என்று அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. டிரம்புல் வாழ்ந்த ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள இது போதும். அவரும் அந்த ஊர்க்காரர்தான். தங்கள் குடியரசுக் கட்சி வெள்ளைக்காரர்களின் கட்சி என்று 1858-ல் சிகாகோவில் மேடை ஏறிப் பேசியவர். வெள்ளைத் தொழிலாளியின் கூலியை அடிமை உழைப்பு கெடுக்கிறது என்பதும் அன்றைய அடிமை எதிர்ப்பில் ஒரு பங்கு.

செனட்டுக்கு அவர் போன கதையில் கொஞ்சம் குடும்ப வம்பும் இருக்கிறது. 1842-ல் மாநிலக் கணக்காயராக இருந்த ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்பவரைக் கேலி செய்து ஸ்பிரிங்ஃபீல்டு பத்திரிகையில் புனைபெயரில் கடிதங்கள் வந்தன. எழுதியதில் லிங்கனுக்குப் பங்கு உண்டு. அவர் மணக்கவிருந்த மேரி டாடும் மேரியின் தோழி ஜூலியா ஜெய்னும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்தார்கள். ஷீல்ட்ஸ் கோபத்தில் லிங்கனை வாள் சண்டைக்கு இழுத்துவிட்டார். மிசிசிப்பி ஆற்றின் ஒரு தீவுவரை போனார்கள். கூட வந்தவர்கள் சமாதானம் பேசித் திருப்பி அழைத்து வந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் லிங்கன் கல்யாணத்தில் ஜூலியா மணப்பெண் தோழி. அடுத்த வருடம் ஜூலியா டிரம்புலை மணந்தார்.

1855-ல் அதே ஷீல்ட்ஸ் வகித்த செனட் இடத்துக்குத் தேர்தல். அப்போது செனட்டர்களை மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். முதல் சுற்றில் லிங்கனுக்கு நாற்பதுக்கு மேல், ஷீல்ட்ஸுக்கு 41, டிரம்புலுக்கு வெறும் 5. அந்த ஐந்து பேரும் ஜனநாயகக் கட்சியிலிருந்து அடிமை முறைப் பிரச்சினையால் முறுக்கிக்கொண்டு வந்தவர்கள். பழைய எதிர்க்கட்சிக்காரரான லிங்கனுக்கு ஓட்டுப் போட மாட்டோம் என்று அசையாமல் உட்கார்ந்துவிட்டார்கள். சுற்று மேல் சுற்று போனது. கவர்னர் மாட்டசன் நடுவில் புகுந்து ஜெயித்துவிடுவார் போலிருந்தது. லிங்கன் தன் ஆட்களைக் கூப்பிட்டு டிரம்புலுக்குப் போடச் சொன்னார். பத்தாவது சுற்றில் டிரம்புல் 51 ஓட்டு வாங்கி ஜெயித்தார். நாற்பதுக்கு மேல் வைத்திருந்தவர் ஐந்து வைத்திருந்தவருக்கு வழிவிட்ட கணக்கு இன்றைய நம் அரசியல்வாதிகளுக்குப் புரியுமா தெரியவில்லை. லிங்கன் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மேரி லிங்கன் வைத்துக்கொண்டார். ஜூலியாவோடு இருந்த நட்பு அன்றோடு போயிற்று.

உள்நாட்டுப் போரின் போது செனட்டின் நீதிக் குழுவுக்கு டிரம்புல்தான் தலைவர். அடிமை முறையை ஒழிக்கும் 13-வது திருத்தத்தின் வாசகம் அந்தக் குழுவில்தான் உருவானது. மாசசூசெட்ஸின் சார்லஸ் சம்னர், பிரெஞ்சுப் புரட்சியின் பிரகடனத்தைப் போல, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று உயர்ந்த நடையில் எழுத ஆசைப்பட்டார். குழு மறுத்துவிட்டது. 1787-ஆம் வருடத்து வடமேற்குப் பிரதேசச் சட்டத்தின் பழைய சொற்களையே எடுத்துக்கொண்டது. டிரம்புல் கூலி வழக்கில் கையில் வைத்துக்கொண்டு வாதாடிய அதே சட்டம். கோர்ட்டில் ஏற்கெனவே அர்த்தம் தீர்மானமான சொற்களை ஒரு வக்கீல் எதற்காக விட்டுக்கொடுப்பார்? செனட் 1864 ஏப்ரல் 8 அன்று 38-க்கு 6 என்ற கணக்கில் அதை ஏற்றது. சம்னரின் வாசகம் வந்திருந்தால் அமெரிக்கச் சட்ட வரலாறு எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். கவிதை போலிருக்கும் வாசகத்துக்கும் சில சமயம் பலம் உண்டு.

1865 டிசம்பரில் திருத்தம் அமலுக்கு வந்தது. அதற்குள்ளேயே தென் மாநிலங்கள் கறுப்பர்களைக் கட்டிப்போட வேறு கயிறு திரித்துவிட்டன. மிசிசிப்பி போட்ட சட்டப்படி, நகரத்துக்கு வெளியே அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க முடியாது. வேலையில் இருப்பதற்கு எழுத்து மூலம் ஆதாரம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சோம்பேறி என்று பிடித்து அபராதம். அபராதம் கட்ட முடியாதவரை யாராவது ஒரு முதலாளிக்கு வேலைக்கு ஒப்படைத்துவிடலாம். அடிமை என்ற பெயர் மட்டும்தான் போயிருந்தது. டிரம்புல் 1866 ஜனவரியில் கொண்டுவந்த மசோதா இதற்கான பதில். எனக்கு அதில் பிடித்தது, அது உயர்ந்த இலட்சியம் எதையும் பேசாததுதான். ஒப்பந்தம் போடலாம், அதை நிறைவேற்றக் கேட்கலாம், வழக்குப் போடலாம், சாட்சி சொல்லலாம், நிலம், வீடு வாங்கலாம், விற்கலாம், குத்தகைக்கு எடுக்கலாம், வாரிசாகப் பெறலாம், வெள்ளைக்காரர்களுக்கு எப்படியோ அப்படி. ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஒரு முன்சீப் கோர்ட்டிலும் ஒரு மனிதன் மனிதனாக நிற்க என்னென்ன வேண்டுமோ அவ்வளவும் இருந்தது. ஓட்டுரிமை மட்டும் இல்லை. அது அரசியல் உரிமை, இது சிவில் உரிமை என்று டிரம்புலே பிரித்துச் சொன்னார். இன்னொன்றும் செய்தார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர 1850-ல் போட்ட கொடுமையான சட்டத்தில் மார்ஷல்கள், கமிஷனர்கள், கடமை தவறினால் 1,000 டாலர் அபராதம் என்று ஒரு முழு இயந்திரம் இருந்தது. அதை அப்படியே தூக்கி வந்து இந்த மசோதாவில் பொருத்தினார். அடிமையைப் பிடிக்கக் கட்டிய இயந்திரத்தை அடிமையாக இருந்தவனைக் காக்கத் திருப்பிவிட்டார்.

அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனிடம் மசோதாவை முன்கூட்டியே காட்டியிருந்தார். மறுப்பு எதுவும் அவர் சொல்லவில்லை. பிறகு மார்ச் 27 அன்று ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தித் திருப்பி அனுப்பினார். டிரம்புலுக்கு வந்த கோபம் செனட் நடவடிக்கைக் குறிப்பில் இன்றும் தெரிகிறது. ஏப்ரல் 6-ல் செனட் 33-க்கு 15, ஏப்ரல் 9-ல் பிரதிநிதிகள் சபை 122-க்கு 41 என்று, அதிபரின் மறுப்பை மீறி மசோதா சட்டமானது. முக்கியமான ஒரு சட்டத்தில் அமெரிக்க அதிபரின் மறுப்பு தோற்றது அதுதான் முதல் தடவை.

இரண்டு வருடம் கழித்து அதே ஜான்சனைப் பதவி நீக்க செனட்டில் விசாரணை நடந்தபோது, அவரைக் காப்பாற்றிய ஏழு குடியரசுக் கட்சிக்காரர்களில் டிரம்புலும் ஒருவர். 35-க்கு 19, தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஓட்டுக் குறைவு. இதைத் தியாகம் என்று புகழ்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு வியப்பில்லை. போர்த்துறைச் செயலாளரை நீக்கியதுதான் குற்றச்சாட்டின் மையம். கட்சிக்காரர்களுக்கு ஜான்சன் மேல் இருந்த கோபம் அதற்கு வெளியே இருந்தது. குற்றப்பத்திரிகையில் இல்லாததற்குத் தண்டனை கொடுக்க முடியாது என்பது எந்த வக்கீலுக்கும் தெரிந்த விஷயம். அவர் சரியாகத்தான் ஓட்டுப் போட்டார். கட்சி அவரை மன்னிக்கவில்லை. அதன்பின் எந்தத் தேர்தலிலும் அவர் ஜெயிக்கவுமில்லை.

நான் பொறுக்க முடியாது என்று சொன்னது 1871. கூ கிளக்ஸ் கிளான் முகமூடிக் கும்பல்கள் தெற்கே இரவில் வீடு புகுந்து சாட்டையால் அடித்தார்கள், கொன்றார்கள். அவர்களை ஃபெடரல் அரசே நேரடியாகப் பிடித்துத் தண்டிக்க ஒரு மசோதா வந்தது. டிரம்புல் எதிர்த்தார். தனி மனிதனைப் பாதுகாப்பது மாநிலத்தின் வேலை. 14-வது திருத்தம் அதை மாற்றிவிடவில்லை. சாதாரண அடிதடிக்கெல்லாம் வாஷிங்டன் வந்து இறங்கினால் இந்த ஆட்சி முறையே வேறாகிவிடும் என்றார். அந்தச் சாதாரண அடிதடியை விசாரிக்க வேண்டிய ஷெரீஃப்களில் சிலர் முகமூடிக்குள்ளேயே இருந்தார்கள். அவருடைய எதிர்ப்பையும் மீறி மசோதா சட்டமானது. தென் கரோலினாவில் கிளானை அது ஓரளவு ஒடுக்கவும் செய்தது. தான் எழுதிய 1866 சட்டத்துக்குக் காவல் போட வந்த சட்டத்தை அவரே வேண்டாம் என்றார்.

காவல் இல்லாத சட்டம் என்ன ஆகும் என்பதற்கு கென்டக்கியிலிருந்து ஒரு வழக்கு இருக்கிறது. 1868 ஆகஸ்டில் லூயிஸ் கவுண்டியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் குடிசைக்குள் புகுந்து கோடாலியால் வெட்டினார்கள். தாய், தந்தை, கண் தெரியாத கிழவி லூசி ஆம்ஸ்ட்ராங் எல்லோரும் செத்தார்கள். பதினேழு வயதுப் பையன் வெட்டுக் காயத்தோடு பக்கத்து வீட்டுக்கு ஊர்ந்து போய் மரண வாக்குமூலம் கொடுத்துவிட்டு இறந்தான். வெள்ளைக்காரருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லக் கூடாது என்பது அன்றைய கென்டக்கிச் சட்டம். ஆகவே மாநிலக் கோர்ட்டில் அந்த வாக்குமூலத்துக்கு மதிப்பில்லை. டிரம்புல் தன் சட்டத்தின் மூன்றாவது பிரிவில், மாநிலக் கோர்ட்டில் உரிமை மறுக்கப்பட்டவர்களைப் பாதிக்கும் வழக்குகளை ஃபெடரல் கோர்ட்டே விசாரிக்கலாம் என்று எழுதி வைத்திருந்தார். இப்படி ஒரு வழக்குக்காகவே எழுதியது போன்ற பிரிவு. ஃபெடரல் கோர்ட்டில் விசாரணை நடந்து தூக்குத் தண்டனையும் விதித்தார்கள். 1872-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு கிரிமினல் வழக்கு அரசாங்கத்தையும் குற்றவாளியையும் மட்டும்தான் பாதிக்கிறது, சாட்சிகளைப் பாதிப்பதில்லை என்றார்கள். லூசி ஆம்ஸ்ட்ராங்? அவர் உயிரோடு இல்லை. இறந்தவரை எதுவும் பாதிக்காது. நீதிபதி பிராட்லியும் இன்னொருவரும் மட்டும் ஒப்பவில்லை. நான் நிறையத் தீர்ப்புகளைப் படித்து எரிச்சல்பட்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு அன்று வேறு கட்டைத் தொடவில்லை.

டிரம்புல் அந்தக் கொலைகளுக்குப் பொறுப்பு என்று சொல்லவில்லை. தீர்ப்பும் அவர் எழுதியதில்லை. மாநிலக் கோர்ட்டுகளுக்கு ஒரு அதட்டல் போட்டால் அவை தானாக ஒழுங்காகிவிடும் என்று அவர் நம்பினார் என்றுதான் சொல்கிறேன். அவர் சட்டம் குறிவைத்தது மாநிலச் சட்டங்களையும் அவற்றை அமல்படுத்தும் அதிகாரிகளையும். முகமூடி போட்டுக்கொண்டு வரும் பக்கத்து வீட்டுக்காரன் அவருடைய கணக்கில் இல்லை. 1871-ல் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று தெரிந்த பிறகும் கணக்கை அவர் திருத்தவில்லை.

சட்டம் கிடப்பில் கிடந்ததே தவிர ரத்தாகவில்லை. செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வெளியே ஒரு குடியிருப்பில் வீடு வாங்கப் போன ஜோன்ஸ் தம்பதிக்கு, கணவர் கறுப்பர் என்பதால், வீடு இல்லை என்றார்கள். அந்த இடம் டிரம்புல் தொழில் பார்த்த பெல்விலிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். 1968 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம், 7-க்கு 2 என்று, வீட்டை விற்கிற தனி மனிதனும் 1866 சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தான் என்றது. டிரம்புலின் செனட் பேச்சுகளைத் தீர்ப்பு திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறது. 1866 டிரம்புலைத்தான், 1871 டிரம்புலை யாரும் அழைக்கவில்லை.

அவருடைய கடைசிக் காலத்தில் இன்னொரு வழக்கு. கட்சி மாறி மாறி, ஜனநாயகக் கட்சி சார்பில் 1880-ல் கவர்னர் தேர்தலில் நின்று தோற்று, சிகாகோவில் வக்கீல் தொழிலோடு இருந்தார். 1894-ல் புல்மன் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் கூலியைக் குறைத்தார்கள். கம்பெனி வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. வேலைநிறுத்தம் ரயில்வே முழுக்கப் பரவியது. ஃபெடரல் கோர்ட் தடையாணை போட்டது, அதிபர் கிளீவ்லண்ட் ராணுவத்தை அனுப்பினார், தடையாணையை மீறியதாகத் தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. ஜூரி இல்லாமல் கோர்ட் அவமதிப்பு என்ற பெயரில் ஒருவரைச் சிறையில் போடலாமா என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, அன்று அவ்வளவாகப் பிரபலமாகாத கிளாரன்ஸ் டாரோவோடு டிரம்புலும் ஆஜரானார். வயது 81. கட்டணம் வாங்கவில்லை. மாநில விஷயத்தில் வாஷிங்டன் இப்படிக் கைவைக்க அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். 1895 மே 27 அன்று நீதிமன்றம் ஒருமனதாக மனுவைத் தள்ளுபடி செய்தது.

டெப்ஸ் வழக்கில் நியாயம் டிரம்புல் பக்கம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். 1871-ல் இல்லை. இரண்டு இடத்திலும் அவர் வைத்தது ஏறக்குறைய ஒரே வாதம்தான்.